வெறுங்காலோடு நடந்த காணி

போன கிழமை கிளிநொச்சியில் உங்கள் பயிற்சிக் கொட்டகைக்கு என்னைக் கூப்பிட்டீர்கள். மிதிவெடி அகற்றும் வேலையில் நான் கண்டதையும் பட்டதையும் புதிதாகச் சேர்ந்த உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றார்கள். நானும் நல்ல சீலை ஒன்றை உடுத்திக்கொண்டு உடையார்கட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தேன். பேசத் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு தங்கச்சி கையை உயர்த்தினாள்.

"அக்கா, காணி கையளிக்கிற நாளில வெறுங்காலோட நடந்து காட்டுவியளாமே? நாங்களும் அப்பிடி நடந்து வீடியோ எடுக்கலாமோ?"

எல்லோரும் கை தட்டினீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழும்பிப் போய், அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் பொறுப்பதிகாரி நான்கு தரம் தொலைபேசி எடுத்தார். முழங்கால் வலி என்று சொன்னேன். இருபது வருடம் மண்ணில் முழந்தாளிட்டவளுக்கு அந்தப் பொய் சுலபமாக வரும்.

அந்தத் தங்கச்சிமேல் எனக்குக் கோபம் இல்லை. வெறுங்காலோடு நடக்கும் பழக்கத்தை இந்த வன்னியில் ஊர் ஊராகக் காட்டிப் பெயர் எடுத்தவளே நான்தான். அதனால் பதில் சொல்லும் கடமையும் எனக்குத்தான் இருக்கிறது. கொஞ்சம் சூடாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கருவி பிடிப்பதையும் மண் சுரண்டுவதையும் உங்களுக்குப் பழக்க ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குள் நான் போகவில்லை. ஒரு காணியில், வெடி இருக்கலாம் என்று எல்லை காட்ட நட்ட கடைசிச் சிவப்புத் தடியைப் பிடுங்கிய பிறகு நடப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். காணிக்காரர் குடும்பத்தோடு வந்து வேலியடியில் நிற்பார். சொந்தக் காணி, உள்ளே கால் வைக்கப் பயம். அப்போது அணிப் பொறுப்பாளர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இந்த எல்லையிலிருந்து அந்த எல்லைவரை வெறுங்காலோடு நடப்பார். அணி முழுவதும் பின்னால் நடக்கும். அதற்குப் பிறகுதான் காணிக்காரரின் மனைவி ஒரு காலை எடுத்து வைப்பா. வைத்ததும் அழுவா. நாங்களும் அழுவோம். பிறகு சோடாவும் பிஸ்கட்டும் வரும். யாராவது படம் எடுப்பார்கள்.

எனக்கு வேலை பழக்கிய பொறுப்பாளர் ஒருவர் மட்டும் நடக்கவே மாட்டார். மலையகத்திலிருந்து வந்து வவுனியாவில் குடியேறிய குடும்பத்துப் பெண். எல்லாரும் நடக்கும்போது அவர் வேலியடியில் காணிக்காரருக்குப் பக்கத்தில் நின்று, கையெழுத்து வைத்த கையளிப்புப் பத்திரத்தை வரி வரியாக வாசித்துக் காட்டுவார். ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"என் காலக் காட்டி நான் யாரையும் நம்ப வைக்க மாட்டேன். என் எடை என்னா, அவரு டிராக்டரு எடை என்னா?"

பயந்தாங்கொள்ளி என்று அவருக்குப் பின்னால் சிரித்தோம். அவர் போய் நான் பொறுப்பாளராக வந்த பிறகு செய்த முதல் வேலை, சப்பாத்தைக் கழற்றியதுதான்.

மாங்குளத்துக்கு மேற்கே ஒரு குளத்தின் கீழே நீளமான மேய்ச்சல் காணி ஒன்று இருந்தது. ஒரு கோடை முழுவதும் அங்கே வேலை செய்தோம். எடுத்த வெடிகளைப் பக்குவமாக அழித்து, பத்திரத்தில் கையெழுத்து வைத்து, வழக்கம்போல நடந்தும் காட்டினேன். நான் நடக்கும் படத்தைக் காணிக்காரர் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஏதாவது சாட்டுச் சொல்லி உள்ளே போய் அதைப் பார்த்துவிட்டு வருவேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் அணியில் தவம் என்று ஒருவன் இருந்தான். டிடெக்டர் பிடிப்பதில் அவனை வெல்ல ஆள் கிடையாது. அவனுக்கு ஒரே ஒரு பைத்தியம், டாங்கி. தேத்தண்ணி இடைவேளையில் நாங்கள் கவசத்தைக் கழற்றிவிட்டு மர நிழலில் சாய்ந்திருக்க, அவன் தொலைபேசியில் வெளிநாட்டு வீடியோ பார்ப்பான். பச்சைப் புல்வெளி. பழைய காலத்து யுத்த டாங்கிகளை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டுவார்கள். சுற்றிவரச் சனம் கதிரை போட்டு, ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டு கை தட்டும். தவம் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எது எந்த டாங்கி என்று சொல்லுவான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"டேய், உனக்கு மண்டையில ஏதும் தட்டிப்போச்சோ? இதுக்குப் பயந்து ஓடின சனமடா நாங்கள். இதைப் பாத்துக் கை தட்டுறியே, வெக்கமா இல்லையோ?"

அவன் தொலைபேசியை மடியில் வைத்தான்.

"ஓம் அக்கா, நானும் ஓடினனான். ஓடேக்க ஒருநாளும் திரும்பிப் பாக்கேல்ல. அம்மா கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு, திரும்பாத, திரும்பாத எண்டு ஓடினவா. எனக்குச் சத்தம் மட்டும்தான் தெரியும், அதின்ர முகம் தெரியாது. ஒருக்கா எண்டாலும் ஒரு கதிரையில இருந்து, சோடா குடிச்சுக்கொண்டு, அது எனக்கு முன்னால ஓடுறதைப் பாக்கவேணும். அவ்வளவுதான்."

நான் எழும்பிக் கவசத்தை மாட்டிக்கொண்டு, "வேலையைப் பார்" என்றேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம், கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் வரைக்கும் ஏ9 வீதி நெடுக சுவரொட்டி ஒட்டினார்கள். பழைய இராணுவ வாகனக் கண்காட்சி. தெற்கிலிருந்து பழைய வாகனங்களில் பித்துப் பிடித்த ஒரு குழு அனுமதி எடுத்து வருகிறதாம். சனத்துக்கு முன்னால் ஒரு பழைய டாங்கியை ஓட்டிக் காட்டுவார்களாம். தவம் ஒரு சுவரொட்டியைக் கிழியாமல் உரித்து எடுத்து, கலியாணக் கடிதம் காட்டுவதுபோல எல்லாருக்கும் காட்டித் திரிந்தான்.

கண்காட்சிக்கு இந்தப் பக்கத்து ஏற்பாட்டாளர் ஒருவர் என் வீட்டுக்கே வந்தார். மரியாதையான மனிதர். வெற்றிலை வைக்காத குறையாகப் பேசினார்.

"அக்கா, அந்த மாங்குளத்துக் காணியை நாங்கள் தெரிஞ்செடுத்ததே உங்களாலதான். நீங்கள் வெறுங்காலோட நடந்த காணியெல்லோ. படமும் பாத்தனாங்கள். தொடங்கேக்க நீங்கள் ஒருக்கா அதேமாதிரி நடந்து காட்டவேணும். நீங்கள் நடந்து முடிய, உங்களுக்குப் பின்னால டாங்கி வரும். சனம் சும்மா கலங்கிப்போகும்."

சரி என்றேன். டாங்கியின் எடை என்ன, எந்த வழியால் ஓடும், எங்கே திரும்பும், மண்ணில் என்ன வேலை செய்திருக்கிறீர்கள், ஒன்றையும் கேட்கவில்லை. இருபது வருடம் ஒரு ஆணியைக்கூடச் சந்தேகப்பட்ட மனுசி, அன்றைக்கு என்ன சீலை உடுத்துவது என்று யோசித்தேன். நான் விட்ட பிழை அது. டாங்கியை வெறுத்தேன் என்று பெரிய கதை கதைத்தவளுக்கு, அதற்கு முன்னால் தான் நடந்துபோவது பிடித்திருந்தது.

அன்று காலை சரியான சனம். மாங்குளத்துக்கு ரயிலில் வந்தவர்கள், கிளிநொச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளில் மூன்று பேராக வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள். ஒலிபெருக்கியில் பாட்டு. எங்கள் நிறுவனத்துக்கும் ஒரு சின்னக் கொட்டகை ஒதுக்கி, கருவிகளையும் கவசங்களையும் மேசையில் பரப்பி வைத்திருந்தார்கள். காணியின் ஒரு ஓரத்தில் புதிதாக வளைவாக மண்மேடு ஒன்று கட்டியிருந்தது. சனம் அதில் ஏறி வரிசை வரிசையாக இருந்தது. முன்வரிசையில் தவம். வீட்டிலிருந்து ஒரு சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரையை மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்திருந்தான். கையில் சோடாப் போத்தல்.

"அக்கா, இடம் எப்பிடி?" என்றான். அப்படி ஒரு சிரிப்பை அவன் முகத்தில் அதற்கு முதல் நான் பார்த்ததில்லை.

மேட்டின் உச்சியில் நின்று செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கக் கால் வைத்தேன். குளிர்ந்தது. ஒட்டியது. குனிந்து பார்த்தேன். மஞ்சள் களி.

அந்தக் காணியின் மேல்மண்ணை எனக்குத் தெரியும். ஒரு கோடை முழுக்க முகத்துக்கு முன்னால் வைத்துச் சுரண்டிய மண். சாம்பல் நிறம், மணல் கலந்தது. களி அங்கே மேலே கிடையாது. ஏற்பாட்டாளரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டேன்.

"இந்த மண் எங்க இருந்து வந்தது?"

"இந்தக் காணி மண்தான் அக்கா. அங்க நடுவில ஒரு பள்ளம் வெட்டினனாங்கள், ஒரு ஆள் உயரத்துக்கு. டாங்கி அதுக்குள்ள இறங்கி ஏறினாத்தானே சனத்துக்கு விறுவிறுப்பு. வெட்டின மண்ணை வீணாக்காமல் சனம் இருக்க மேடு கட்டினம்."

உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை என்றாலும் எழுதிவைக்கிறேன். நாங்கள் தேடுவது மண்ணின் மேற்தட்டை மட்டும். ஒரு சாணுக்கும் குறைவு. மாடு மேயவும் நெல் விதைக்கவும் அது போதும். ஆனால் குளத்துக்குக் கீழே கிடக்கும் காணியில் ஒவ்வொரு மாரியும் வண்டல் வந்து ஏறும். ஒருகாலத்தில் மேலே கிடந்தது கீழே போய்விடும். அந்தச் சாணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நான் கண்டதில்லை, யாரும் கண்டதில்லை. அந்த மண்ணைத்தான் அள்ளிக் கொட்டி, அதன்மேல் பிள்ளை குட்டிகளோடு சனத்தை ஏற்றி வைத்திருக்கிறார்கள். அந்தப் பள்ளத்துக்குள்தான் அத்தனை தொன் இரும்பு இறங்கப் போகிறது.

"நிப்பாட்டுங்கோ. சனத்தை இறக்கவேணும்."

"என்ன அக்கா கதைக்கிறியள்? பெக்கோ ரெண்டு நாளா வெட்டினது. ஒண்டும் வெடிக்கேல்லையே."

"வெடிச்சிருந்தா அந்தப் பெக்கோ ஓடினவன் வந்து சொல்லியிருக்கமாட்டான்."

"உங்கட கையெழுத்து எங்களிட்ட இருக்கு. துப்புரவான காணி எண்டு இருக்கு."

"அதிலயே ஆழமும் எழுதியிருக்கு. வாசிச்சனீங்களோ?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதுவரை இருந்த மரியாதை போய்விட்டது.

"காணிக்காரருக்கு நீங்கள் ஆழத்தைச் சொன்னனீங்களோ? நடந்துதானே காட்டினனீங்கள்."

அந்த மனிதரில் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியில் அவர் சொன்னது சரி. கேட்ட கையோடு அவர் ஒலிவாங்கியை எடுத்து என் பெயரைச் சொல்லி, வீரப் பெண்மணி, வெறுங்கால் என்றெல்லாம் முழங்கத் தொடங்கிவிட்டார். அதே நேரம் காணியின் மறுகரையில் டாங்கியின் இயந்திரம் உறுமிக்கொண்டு கிளம்பியது. மேடு முழுவதும் எழும்பி நின்று ஆரவாரம் செய்தது. என் பாதத்துக்குக் கீழே களிமண் அதிர்ந்தது.

இப்படியான நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கத்தியிருந்தால் கேட்டிருக்காது. கேட்டிருந்தால் இன்னும் மோசம். அத்தனை சனமும் கண்மண் தெரியாமல் அந்த மேட்டிலிருந்தே குதித்து ஓடியிருக்கும். பயம் காட்டாமல் நிறுத்த வேண்டும், உடனே நிறுத்த வேண்டும். எங்கள் கொட்டகைக்குப் போய், மேசையில் காட்சிக்கு வைத்திருந்த சிவப்புத் தடிக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மேட்டில் ஊன்றவில்லை. மேட்டின் அடிவாரத்தில், நான் தேடிய சாம்பல் மண்ணில், ஒவ்வொன்றாக ஊன்றிக்கொண்டு நடந்தேன். முதல் தடிக்குச் சனம் கை தட்டியது. இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள். இரண்டாவதற்கும் தட்டினார்கள். நான்காவது தடியில் கை தட்டல் நின்றது. இந்த மண்ணில் சிவப்புத் தடிக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. தாய்மார்தான் முதலில் பிள்ளைகளைத் தூக்கினார்கள். நான் திரும்பி நின்று, சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னேன்.

"ஒருத்தரும் குதிக்கவேண்டாம். ஏறி வந்த வழியாலேயே, ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தராப் போங்கோ."

சொன்னதை ஆளுக்கு ஆள் பின்னால் கடத்தினார்கள். யாரும் யாரையும் தள்ளவில்லை. இந்தச் சனத்துக்கு எப்படி இடம்பெயர வேண்டும் என்று யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. டாங்கியை ஓட்டிய தெற்குப் பெடியனும் தடிகளைக் கண்டதும் இயந்திரத்தை அணைத்துவிட்டான். வெளியே வந்தவன் நிலத்தில் இறங்கவில்லை. நான் வழி காட்டும்வரை டாங்கியின் மேலேயே நின்றான். அந்தப் பெடியனுக்கு இருந்த அறிவு எனக்கு ஒரு கிழமைக்கு முதல் இருந்திருக்க வேண்டும்.

தவம் மட்டும் எழும்பவில்லை. கதிரையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு இருந்தான்.

"அக்கா, ஒரே ஒரு சுத்து. பள்ளத்துக்குள்ள வேண்டாம். ஓரத்தால ஒரு சுத்துச் சுத்தட்டும்."

"எழும்பு தவம்."

"நீங்கள் கையெழுத்து வைச்ச காணி அக்கா! நானெல்லோ பக்கத்தில நிண்டு வேலை செய்தனான்!"

"எழும்படா எண்டுறன்!"

எழும்பினான். கதிரையைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, தான் வந்த காலடித் தடங்களிலேயே கால் வைத்து வெளியே போனான். அன்றைக்கும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். மேட்டையும் பள்ளத்தையும் வேறொரு அணி மூன்று கிழமை தேடியது. கிடைத்தது ஒரு மண்வெட்டி அலகு, கொஞ்சம் ஆணி, ஒரு பால்மா டின். வெடி ஒன்றும் இல்லை. டாங்கியைப் பாரவண்டியில் ஏற்றி, படங்குத் துணியால் மூடி, ஏ9 வீதியால் கொண்டு போய்விட்டார்கள். முகநூலில் என்னை வைத்துப் பகிடி விட்டார்கள். சந்தையில் மீன் விற்கிறவர்கூட, "அக்கா, இந்த மீனுக்கும் சிவப்புத் தடி நடுவியளோ?" என்றார். கண்காட்சிக்காரர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார், ஒன்றும் இல்லாத காணிக்கு இந்த மனுசி போட்ட கூத்தைப் பாருங்கள் என்று.

எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கொதிப்பது இதற்குத்தான். ஒரு வெடி கிடைத்திருந்தால் எனக்கு மாலை போட்டிருப்பார்கள். அப்படியென்றால் அத்தனை பிள்ளைகளுக்குக் கீழே ஒரு வெடி இருந்திருக்க வேண்டும் என்றா ஆசைப்பட்டார்கள்? ஒன்றும் இல்லை என்று தேடிப் பார்த்துச் சொல்வதுதானே எங்கள் தொழில். நாள் முழுக்க வெயிலில் கிடந்து தேடி, மாலையில் ஒன்றும் இல்லை என்று எழுதுவதற்குத்தானே எங்களுக்குச் சம்பளம். தேடாமல் சொல்கிற ஒன்றுமில்லைக்கும் தேடிச் சொல்கிற ஒன்றுமில்லைக்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம் நீங்கள் நிறையத் திட்டு வாங்குவீர்கள். வாங்குங்கள். அடுத்த தரமும் தடியை ஊன்றுங்கள்.

என்மேல் இருக்கும் கோபம் வேறு. நான் அன்றைக்கு அந்தக் காணிக்காரரின் பக்கத்தில் நின்று, ஐயா, இவ்வளவு ஆழம்தான் எங்கள் பொறுப்பு என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் அவர் பள்ளம் வெட்ட விட்டிருக்கமாட்டார். தேட வேண்டிய இடத்தை முதலிலேயே தேடியிருப்பார்கள். கண்காட்சியும் நடந்திருக்கும். தவமும் தன் டாங்கியைப் பார்த்திருப்பான். நான் சொல்லவில்லை. நடந்து படம் எடுத்துக்கொண்டேன்.

தவம் வேலைக்கு ஒழுங்காக வந்தான். கேட்டதற்குப் பதில் சொன்னான். அவ்வளவுதான். தேத்தண்ணி நேரத்தில் தொலைபேசியை வெளியே எடுப்பதில்லை. மாதக்கணக்கில் அப்படியே போனது.

என் கடைசிக் கையளிப்பு நாள் வந்தது. வேலியடியில் காணிக்காரர் குடும்பம். எல்லாரும் என் காலைத்தான் பார்க்கிறார்கள். யாரோ தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துவிட்டார்கள். நான் சப்பாத்தோடு நின்றேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. அப்போது தவம் பக்கத்தில் வந்து, ஒரு வெள்ளைத் தடியை என் கையில் தந்தான். அதன் கூரான முனையிலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு சிவப்புக் கோடு கீறியிருந்தது. அளந்து கீறிய கோடு.

நான் அதைக் கோடு மறையும்வரை மண்ணில் இறக்கினேன்.

"ஐயா, இந்தக் கோடு மட்டும்தான் எங்கட வார்த்தை. உழுங்கோ, விதையுங்கோ, மாடு கட்டுங்கோ. கிணறு, பள்ளம், அத்திவாரம் எண்டு இதுக்குக் கீழ போறதெண்டால் எங்களை முதல் கூப்பிடுங்கோ."

காணிக்காரரின் மனைவி அந்தத் தடியைத் தொட்டுப் பார்த்தா. ஒருதரம் வெளியே இழுத்துக் கோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப இறக்கினா. பிறகு வேலியைத் தாண்டி உள்ளே போனா.

தங்கச்சி, நீ கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். வீடியோ எடு. தடியை எடு, கோட்டை எடு. உன் காலை எடுக்காதே.

இன்னுமொன்று. தவம் உங்களோடுதான் வேலை செய்கிறான், வலது பக்க மூலைக் கொட்டகையில் இருப்பான். இப்போது மறுபடி வீடியோ பார்க்கிறானாம். என்றைக்காவது இந்தப் பக்கம் யாராவது டாங்கி ஓட்டிக் காட்ட வருவார்கள், வந்தே தீருவார்கள். அப்போது முதல் நாளிலிருந்தே அந்த ஏற்பாட்டுக்குள் போய் நில்லுங்கள். அது ஓடும் இடம், திரும்பும் இடம், இறங்கும் இடம், சனம் இருக்கும் இடம் எல்லாவற்றையும் எவ்வளவு ஆழம் வேண்டுமோ அவ்வளவு ஆழம் தேடுங்கள். எனக்கு அந்தச் சத்தம் ஆகாது, நான் வரமாட்டேன். தேடி முடித்துக் கையெழுத்து வைத்த பிறகு, முன்வரிசையில் தவத்துக்கு ஒரு கதிரை போடுங்கள்.